எடுப்பதா, காப்பதா: மார்பகப் புற்றுநோயில் ஒருவரின் முடிவு இன்னொருவருக்கு ஏன் பொருந்துவதில்லை

ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் எதிர்கொள்வது அறுவை பற்றிய கேள்வியைத்தான்: மார்பகத்தை முழுவதுமாக எடுத்துவிடுவதா, அல்லது கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சிறு பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டு மார்பகத்தைக் காப்பதா? உறவினர்கள் கூடிப் பேசும்போது, ஏற்கெனவே சிகிச்சை முடித்த அத்தையின் அனுபவமும் அலுவலகத் தோழியின் அனுபவமும் சான்றுகளாக முன்வைக்கப்படுகின்றன. அத்தைக்குக் கீமோ கொடுக்கவே இல்லை. தோழிக்கு எட்டு முறை கொடுத்தார்கள். ஒருவருக்கு முதலில் அறுவை நடந்தது; மற்றவருக்கு ஐந்து மாதம் மருந்து ஏற்றிய பிறகுதான் அறுவை. இருவருக்கும் சொல்லப்பட்டது “இரண்டாம் நிலை” என்றே. இதில் எந்த மருத்துவர் தவறு செய்தார் என்று ஆராய்வது பெரும்பாலும் வீண்வேலை. இருவருமே சரியாகச் செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

குடும்பங்கள் தங்கள் அச்சத்தையும் நேரத்தையும் செலவிடும் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் கருத்து. ஆரம்ப நிலையில் இருக்கும் பெரும்பாலான பெண்களுக்கு, எந்த அறுவை என்பது ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. எந்த மருந்து, எந்த வரிசையில், எவ்வளவு காலம் என்பதற்கே அதில் பெரும்பங்கு உண்டு. அந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் கட்டியின் அளவுக்கு இணையாக, பல நேரங்களில் அதையும் மிஞ்சி, கட்டியின் உயிரணுக்களுடைய இயல்பு பேசுகிறது. ஆனால் வீட்டில் நடக்கும் விவாதத்தில் முக்கால் பங்கை அறுவை எடுத்துக்கொள்கிறது. உயிரணுக்களின் இயல்பைச் சொல்லும் அறிக்கையோ கோப்பின் அடியில் கிடக்கிறது.

இரண்டு அறுவைகளின் ஒப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில், மார்பகத்தோடு மார்புத் தசைகளும் அக்குளில் உள்ள நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) அனைத்தும் அகற்றப்பட்டன. புற்றுநோய் ஒரு மையத்திலிருந்து படிப்படியாக வெளியே பரவுகிறது, ஆகவே எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அதன் அடிப்படை. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் இந்த எண்ணமே ஆட்சி செய்தது. “எதுக்கு வம்பு, மொத்தமா எடுத்துடுங்க” என்று இன்றும் நம் வீடுகளில் சொல்லப்படுவதற்குப் பின்னால் இதே எண்ணம்தான் இருக்கிறது.

அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் இரண்டு முதன்மையானவை. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி கொண்ட 701 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டெட் முறை அறுவையும், மற்றவர்களுக்கு மார்பகத்தின் கால் பகுதியை எடுத்துக் கதிர்வீச்சும் அளித்தார். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976-இல் தொடங்கிய ஆய்வில் நான்கு சென்டிமீட்டர் வரையிலான கட்டி கொண்டவர்கள் சேர்க்கப்பட்டனர். 1,851 பெண்களின் விவரங்கள் ஆராயப்பட்டன. இரண்டு ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகளும் 2002-இல் வெளியாயின. மார்பகத்தை எடுத்தவர்களும் காத்தவர்களும் உயிர்வாழ்ந்த விகிதத்தில் வேறுபாடு இல்லை.

வேறுபாடு இருந்தது இன்னொன்றில். மார்பகத்தைக் காத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்ப வந்தது: மிலான் ஆய்வில் இருபதாண்டுகளில் 8.8 சதவீதம், முழுவதும் எடுத்தவர்களுக்கு அறுவை நடந்த இடத்தில் திரும்பியது 2.3 சதவீதம். ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் இது 14.3 சதவீதம், கதிர்வீச்சு பெறாதவர்களிடம் 39.2 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைத்தான் முடிவெடுப்பவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டும். மார்பகத்தைக் காக்கும் அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்ததுதான் ஒரு முழுமையான சிகிச்சை. முதற்பாதியைச் செய்துகொண்டு, “கட்டி போய்விட்டது, இனி எதற்குக் கரண்ட் வைக்க வேண்டும்” என்று இரண்டாம் பாதியை விட்டுவிடுவது, மொத்தமாக எடுப்பதைவிடவும் மோசமான தேர்வாக முடியலாம். முதியவர்களில் ஒரு பிரிவினருக்கு இதில் விலக்கு உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

மேற்சொன்னவை பழைய எண்கள். இன்றைய மருந்துகளோடும் கூர்மையான கதிர்வீச்சோடும் திரும்பும் விகிதம் அதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கிறது. ஸ்வீடனில் 2008 முதல் 2017 வரை சிகிச்சை பெற்ற 48,986 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மார்பகத்தைக் காத்துக் கதிர்வீச்சு பெற்றவர்கள் முழுவதும் எடுத்தவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்ததாகவே தெரிந்தது. அதற்காக, காப்பதே ஆயுளைக் கூட்டுகிறது என்று முழங்குவது சரியாகாது; அது குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு அன்று, கண்ணுக்குத் தெரியாத வேறு காரணங்கள் அதில் கலந்திருக்கக்கூடும். காப்பது ஆபத்தான துணிச்சல் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல மட்டும் அது போதும்.

ஆயுள் சமம் என்றால் முடிவு எதன் மேல் நிற்க வேண்டும்? முதலில், காப்பது மருத்துவ ரீதியாகச் சாத்தியமா என்று பார்க்க வேண்டும். மார்பகத்தின் பல பகுதிகளில் நோய் பரவியிருந்தாலோ, மேமோகிராமில் சுண்ணப் புள்ளிகள் பரவலாகத் தெரிந்தாலோ, மார்பகம் முழுதும் சிவந்து வீங்கும் அழற்சி வகையாக இருந்தாலோ, மார்பில் முன்பே கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ, பெரும்பாலும் எடுப்பதே வழி. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருப்பவருக்குப் பிரசவம் வரை கதிர்வீச்சு கொடுக்க முடியாது என்பதால் கணக்கு மாறுகிறது. சிறிய மார்பகத்தில் பெரிய கட்டி என்றால் எடுத்தபின் வடிவம் குலைந்துவிடும். அத்தகையவர்களுக்கு முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகு காக்கலாம்.

இரண்டாவது, கதிர்வீச்சுக்குப் போய்வர முடியுமா என்பது. முன்பு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் என்றிருந்த சிகிச்சை, பிரிட்டன் ஆய்வுகளுக்குப் பிறகு மூன்று வாரமாக, 15 அமர்வுகளாகக் குறைந்தது. 2020-இல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வு, தகுதியானவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து அமர்வுகளில் முடிப்பதும் இணையான பலன் தருகிறது என்று காட்டியது. கதிர்வீச்சுக் கருவி இல்லாத மாவட்டத்திலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ மதுரைக்கோ வந்து அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கும் பெண்ணுக்கு, ஐந்து வாரத்துக்கும் ஒரு வாரத்துக்கும் இடையிலான தூரம் மிகப் பெரியது. தினக்கூலி இழப்பு, உடன் தங்குபவரின் விடுப்பு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே “எத்தனை அமர்வு” என்ற கேள்வியை அறுவைக்கு முன்பே, கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு பொதுவான தவறான கணக்கையும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்பதற்காகவே முழுவதும் எடுக்கச் சம்மதிப்பவர்கள் பலர். கட்டி ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, அக்குளில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நெறிகளில் நோய் இருந்தாலோ, முழுவதும் எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படும். ஒன்று முதல் மூன்று நெறிகள் என்றாலும் பலருக்கு அறிவுறுத்தப்படுகிறது. மார்பகமும் போய், கதிர்வீச்சும் வந்து சேரும் நிலையை முன்கூட்டியே எதிர்பார்த்திருப்பவர்கள் குறைவு. அதேபோல் கை வீக்கத்துக்கு முக்கியக் காரணம் அக்குளில் எத்தனை நெறிகள் அகற்றப்படுகின்றன என்பதே. மார்பகம் எடுக்கப்பட்டதா இல்லையா என்பதற்கு அதில் பெரிய பங்கில்லை. அக்குளில் நோய் தெரியாதவர்களுக்கு நோய் பரவினால் முதலில் சென்று சேரும் காவல் நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை இருக்கும்போது, எல்லாவற்றையும் வழித்தெடுப்பது ஏன் என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாவது, அந்தப் பெண்ணின் விருப்பம். வரிசைக்காக மூன்றாவதாகச் சொல்கிறேனே தவிர, மற்ற இரண்டும் தடையில்லை என்றால் முடிவை அதுவே எடுக்க வேண்டும். “இந்த வயதில் இனி எதற்கு” என்று பிள்ளைகள் முடிவெடுப்பதும், கணவரிடம் மட்டும் தனியாகப் பேசிக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிற வழக்கங்கள். அவற்றுக்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. மறுபுறம், ஆண்டுதோறும் மேமோகிராம் முடிவுக்காகக் காத்திருக்கும் பதற்றத்தைத் தாங்க முடியாது, எடுத்துவிட்டால் நிம்மதி என்று தெளிவாகச் சொல்லும் பெண்ணின் தேர்வும் அறிவுபூர்வமானதே.

நோயில்லாத மற்ற மார்பகத்தையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்ற கேள்வி இப்போது அதிகம் எழுகிறது. சராசரி நோயாளிக்கு அது ஆயுளைக் கூட்டுவதாகச் சான்று இல்லை. பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிறழ்வு உள்ளவர்கள் நிலை வேறு: அவர்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 70 சதவீதத்தை ஒட்டியது என்று 2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கணித்தது. அவர்களுக்கு மற்ற மார்பகம் பற்றிய பேச்சு பொருத்தமானது. சினைப்பைகளையும் சினைக்குழாய்களையும் உரிய வயதில் அகற்றுவது பற்றிய பேச்சு அதைவிட அவசரமானது. இளவயதில் நோய் வந்தவர்களும், குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோயோ ஆணுக்கு மார்பகப் புற்றுநோயோ இருந்தவர்களும் இந்தப் பரிசோதனையைப் பற்றி அறுவைக்கு முன்பே கேட்பது நல்லது.

கட்டியின் இயல்பைச் சொல்லும் மூன்று வரிகள்

பயாப்சி துணுக்கில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் ஐ.எச்.சி. பரிசோதனையின் முடிவில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருக்கும். முதல் இரண்டும் கட்டி பெண் ஹார்மோன்களை உணவாகக் கொள்கிறதா என்பதைச் சொல்கின்றன. மூன்றாவது, உயிரணுவின் மேற்பரப்பில் ஹெர்-2 என்னும் புரதம் அளவுக்கு மீறி இருக்கிறதா என்பதைச் சொல்கிறது. அது 0 அல்லது 1+ என்றால் எதிர்மறை, 3+ என்றால் நேர்மறை, 2+ என்றால் ஃபிஷ் என்னும் கூடுதல் பரிசோதனை செய்யாமல் முடிவு சொல்ல முடியாது. 2+ என்ற அறிக்கையோடு, ஃபிஷ் செய்யாமலே சிகிச்சை தொடங்கப்படுமானால், அந்தப் பெண்ணுக்குப் பலன் தரக்கூடிய ஒரு மருந்து கைநழுவிப் போயிருக்கலாம். மூன்றும் எதிர்மறை என்றால் அது டிரிபிள் நெகட்டிவ் வகை. மேற்கு நாடுகளைக் காட்டிலும் இந்திய நோயாளிகளிடையே இது அதிக விகிதத்தில் காணப்படுகிறது.

இரண்டு சென்டிமீட்டர் கட்டி, நெறியில் நோய் இல்லை என்ற ஒரே நிலையில் இருக்கும் மூன்று பெண்களை எண்ணிப் பார்க்கலாம். ஹார்மோன் நேர்மறையான 58 வயதுப் பெண்ணுக்குக் கீமோவே தேவைப்படாமல், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை ஐந்து ஆண்டு போதுமானதாக இருக்கலாம். ஹெர்-2 நேர்மறையானவருக்குக் கீமோவோடு, ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் டிரஸ்டுசுமாப் ஊசி ஓராண்டு. டிரிபிள் நெகட்டிவ் ஆன 34 வயதுப் பெண்ணுக்கு மாத்திரையும் அந்த ஊசியும் பயன்படா. அவருக்குக் கீமோதான் முதன்மையான ஆயுதம், அதுவும் பல மருந்துகள் சேர்ந்த கடுமையான கீமோ. இந்த மூவரும் காத்திருப்பு அறையில் அருகருகே அமர்ந்து குறிப்புகளை ஒப்பிட்டுக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். புற்றுநோயின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் கையேடு 2018 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில், நோயின் நிலையைக் கணிப்பதிலேயே இந்த மூன்று வரிகளையும் உயிரணுக்களின் தரத்தையும் (அவை இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்பதையும்) சேர்த்துக்கொண்டது இதனால்தான்.

அந்த அறிக்கை நம்பகமானதாக இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்கும். எடுத்த துணுக்கு, அதைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் தாமதமாகப் போடப்பட்டால் ஹார்மோன் முடிவு பொய்யாக எதிர்மறை காட்டலாம். சந்தேகம் இருந்தால் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் ஆய்வகத்திலிருந்து வாங்கி, பெரிய புற்றுநோய் மையத்தில் மறுபடி பார்க்கச் சொல்லலாம். அவற்றைக் கேட்டுப் பெறுவது வழக்கமான நடைமுறைதான். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று பயந்து, சிறு நர்சிங் ஹோமில் கட்டியை அப்படியே வெட்டியெடுத்துவிட்டுப் பிறகு சோதனைக்கு அனுப்புவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. ஊசியைப் பற்றிய அந்தப் பயம் அடிப்படையற்றது. அவசரமாக வெட்டியதால் விளிம்புகள் தெளிவின்றிப் போய், காப்பாற்றியிருக்கக்கூடிய மார்பகத்தைப் பிறகு இழந்தவர்கள் உண்டு. ட்ரூகட் ஊசி பயாப்சியே முதல் படி.

முதலில் அறுவையா, முதலில் மருந்தா

கட்டியை உடலில் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் மருந்து ஏற்றுவது என்பது பல குடும்பங்களுக்கு ஏற்க முடியாததாக இருக்கிறது. ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரே கீமோவைக் கொடுத்து ஒப்பிட்ட ஃபிஷர் குழுவின் ஆய்வில் ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை. அப்படியானால் எதற்கு முதலில் மருந்து? ஹெர்-2 வகையிலும் டிரிபிள் நெகட்டிவ் வகையிலும், கட்டி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ நெறியில் நோய் இருந்தாலோ, முன்கூட்டிய கீமோ கட்டியைச் சுருக்குவதோடு, அந்த மருந்துக்கு அது அடங்குகிறதா இல்லையா என்பதையும் காட்டிவிடுகிறது. அறுவையின்போது எஞ்சிய நோய் இருந்தால் அடுத்த மருந்தை மாற்றலாம். ஜப்பானிலும் கொரியாவிலும் 910 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், எஞ்சிய நோய் உள்ளவர்களுக்குக் கேப்சிடபின் என்னும் கீமோ மாத்திரை சேர்த்தது ஆயுளைக் கூட்டியது. டிரிபிள் நெகட்டிவ் வகையினருக்கே அதிகப் பலன். ஹெர்-2 வகையில், எஞ்சிய நோய் இருந்தவர்களை, டிரஸ்டுசுமாபுடன் கீமோ மருந்தை இணைத்த டிரஸ்டுசுமாப் எம்டான்சினுக்கு மாற்றியபோது நோய் திரும்புதல் அல்லது இறப்பு நேரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது என்று 1,486 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. முதலிலேயே வெட்டியெடுத்துவிட்டவருக்கு இந்தத் தகவல் கிடைக்காது. அவருக்கு எந்த மருந்து வேலை செய்கிறது என்று பார்க்க உடலில் கட்டியே இல்லை.

இந்த இரண்டு வகையிலும் கட்டி சற்றே பெரிதாக இருந்தால், உடனே அறுவைக்கு நாள் குறிப்பதைவிட மருந்துப் புற்றுநோய் மருத்துவரை முதலில் பார்ப்பதே சரி என்பது என் தெளிவான கருத்து. மருந்து தொடங்கும் முன் கட்டிக்குள் ஒரு சிறு உலோகக் கிளிப் வைக்கப்பட வேண்டும். கட்டி முற்றாகக் கரைந்துபோனால், எந்த இடத்தை எடுப்பது என்று அறுவை மருத்துவருக்கு அதுதான் அடையாளம். கேட்காவிட்டால் மறக்கப்படக்கூடிய விஷயம் இது. பிள்ளை பெற விரும்பும் இளம்பெண்கள், கருமுட்டை அல்லது கருவை உறையவைப்பது பற்றியும் முதல் கீமோவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பின்னர் கேட்பதால் பலன் குறைவு.

கட்டி மிகச் சிறியது, ஹெர்-2 நேர்மறை, நெறியில் நோயில்லை என்றால் கதை திரும்பவும் மாறும். அவர்களுக்கு முதலில் அறுவை, பிறகு 12 வாரம் பாக்லிடாக்சல் என்ற ஒரே கீமோ மருந்து, ஓராண்டு டிரஸ்டுசுமாப் என்ற எளிய திட்டம் போதும். 406 பேரிடம் அதைச் சோதித்தபோது மூன்று ஆண்டு முடிவில் 98.7 சதவீதத்தினர் நோய் திரும்பாமல் இருந்தனர்.

கீமோ தேவையா என்ற கேள்வி

ஹார்மோன் நேர்மறை, ஹெர்-2 எதிர்மறை வகையில்தான் உண்மையான தயக்கம் இருக்கிறது. நோயாளிகளில் பெரும் பகுதியினரும் இந்த வகையினரே. இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு மருந்து, நோய் திரும்பும் வாய்ப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பேரில் 30 பேருக்குத் திரும்பக்கூடிய நிலையில் அது 10 பேரைக் காக்கும்; 6 பேருக்கு மட்டுமே திரும்பக்கூடிய நிலையில் 2 பேரைக் காக்கும். மருந்தின் வலிமை ஒன்றுதான், பக்கவிளைவும் நூறு பேருக்கும் ஒன்றுதான். பலனோ ஐந்து மடங்கு வேறுபடுகிறது. “கீமோ நல்லதா கெட்டதா” என்று பொதுவில் கேட்பதால் பயனில்லை. “எனக்கு எத்தனை சதவீதம் பலன்” என்று மருத்துவரிடம் எண்ணாகக் கேட்க வேண்டும்; பிரிட்டனில் உருவாக்கப்பட்ட பிரெடிக்ட் என்னும் இலவசக் கணிப்பான், வயது, கட்டியின் அளவு, தரம், நெறிகள் ஆகியவற்றைக் கொண்டு அந்த எண்ணைத் தோராயமாகச் சொல்கிறது.

கட்டியின் 21 மரபணுக்களை ஆராய்ந்து மதிப்பெண் தரும் ஆன்கோடைப் பரிசோதனை இந்தத் தயக்கத்தைப் பெருமளவு தீர்த்திருக்கிறது. 10,273 பெண்கள் பங்கேற்று 2018-இல் முடிவு வெளியான டெய்லரெக்ஸ் ஆய்வில், நெறியில் நோயில்லாமல் நடுத்தர மதிப்பெண், அதாவது 11 முதல் 25 வரை, பெற்றவர்களில் கீமோவோடு மாத்திரை எடுத்தவர்களும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களும் ஒன்பதாண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர்: தொலைவிடங்களில் நோய் பரவாமல் இருந்தவர்கள் 95.0 சதவீதம், 94.5 சதவீதம். ஆனால் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மதிப்பெண் 16-ஐ எட்டியவர்களுக்குக் கீமோவால் ஓரளவு பலன் தென்பட்டது. அது கீமோவின் நேரடிப் பலனா, கீமோவால் மாதவிடாய் நின்றுபோனதன் பலனா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இரண்டாவது காரணம் சரியென்றால், சினைப்பையின் வேலையை ஊசியால் நிறுத்திவைத்து அதே பலனைப் பெறலாம். இந்தியப் பெண்களுக்கு இந்த நோய் மேற்கு நாட்டவரைவிட ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே வருவதால், 50 வயதுக்கு உட்பட்டோர் பற்றிய இந்த விவாதம் நமக்கு இன்னும் நெருக்கமானது.

அந்தப் பரிசோதனையின் விலை நம் நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறது. கட்டி மிகச் சிறிதாய், தரம் 1 ஆக இருந்தால் அது இல்லாமலே கீமோ வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பல நெறிகளில் நோய் இருந்தால் அது இல்லாமலே கீமோ வேண்டும் என்று சொல்லிவிடலாம். இரண்டுக்கும் இடைப்பட்டவருக்கு மட்டுமே அந்தச் செலவு நியாயமாகும். பெங்களூரு நிறுவனம் ஒன்று உருவாக்கிய கேன்அசிஸ்ட் என்னும் பரிசோதனை அதற்கு மாற்றாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் பின்னால் டெய்லரெக்ஸ் அளவுக்குப் பெரிய ஆய்வு இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மாத்திரையிலும் தேர்வு உண்டு. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு டமாக்சிஃபென், நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல். முன்னது உடல் வெப்ப அலைகளையும், அரிதாக ரத்தக்கட்டையும் கருப்பைப் பிரச்சினையையும் தரும். பின்னவை மூட்டு வலியையும் எலும்புத் தேய்வையும் தரும். ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மற்றொன்றுக்கு மாறலாம். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

முதியவருக்கு எது குறைவான சுமை

72 வயதில் சிறிய, ஹார்மோன் நேர்மறைக் கட்டி, நெறியில் நோயில்லை என்ற நிலையில் கதிர்வீச்சைத் தவிர்க்கலாமா? 65 வயதைக் கடந்த 1,326 பெண்களிடம் நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2023-இல் வெளியானது. அதே மார்பகத்தில் நோய் திரும்பியது கதிர்வீச்சு பெறாதவர்களில் 9.5 சதவீதம், பெற்றவர்களில் 0.9 சதவீதம், ஆயுளில் வேறுபாடு இல்லை. ஆகவே தவிர்ப்பது ஒரு நேர்மையான தேர்வுதான். ஆனால் அந்த ஆய்வு, ஐந்தாண்டு மாத்திரை எடுப்பார்கள் என்ற ஏற்பாட்டின் மேல் நின்றது. ஏற்கெனவே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு பிடி மாத்திரை விழுங்கும் பாட்டி, மூட்டு வலியால் இதை ஆறாம் மாதம் நிறுத்திவிடுவார் என்று வீட்டுக்குத் தெரியுமானால், ஒரு வாரத்தில் முடியும் கதிர்வீச்சே அவருக்குப் பொருத்தமானது என்பேன்.

பணம், காலம், கண்காணிப்பு

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. சிகிச்சை ஓராண்டுக்கு மேல் நீளும்போது எந்தப் பகுதி எந்த ஆண்டில் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. டிரஸ்டுசுமாப் மருந்தின் இந்தியத் தயாரிப்புகள் 2014 முதல் கிடைப்பதால் அது முன்போல் எட்டாக்கனியாக இல்லை. ஓராண்டு முழுவதும் இயலாதவர்களுக்கும், எக்கோவில் இதயத்தின் திறன் குறைந்தவர்களுக்கும் ஒரு தகவல்: நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆறு மாத மருந்தெடுத்தவர்களில் நான்காண்டு முடிவில் நோயின்றி இருந்தோர் 89.4 சதவீதம், ஓராண்டு எடுத்தவர்களில் 89.8 சதவீதம். வேறு சில ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தாததால் ஓராண்டே இன்னும் பொது விதி. எனினும் ஒன்றுமே எடுக்காமல் இருப்பதற்கும் ஆறு மாதம் எடுப்பதற்கும் இடையில் தேர்வு என்றால் தயங்க வேண்டியதில்லை. டிரிபிள் நெகட்டிவ் வகையில், உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து கீமோவின் பலனைக் கூட்டுகிறது. அதன் விலை பெரும்பாலான குடும்பங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. அந்த வகையில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு, விலை குறைந்த கீமோ மருந்தான கார்போபிளாட்டினைச் சேர்ப்பது 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பலன் தருவதாகக் கண்டது. வீட்டை விற்று வாங்கும் மருந்தைப் பற்றிப் பேசும் முன் கேட்க வேண்டியது இதைத்தான்.

முழு அறிக்கைகள் வருவதற்கும், இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதற்கும் இரண்டு மூன்று வாரம் செலவிடுவதால் கெடுதல் இல்லை. நாட்டு மருந்தை முயன்று பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது முற்றிலும் வேறு விஷயம். அந்தத் தாமதம் உயிரிழப்பைக் கூட்டுகிறது.

சிகிச்சை முடிந்த பிறகு, காத்த மார்பகத்துக்கும் மற்ற மார்பகத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் தேவை. கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதமாவது கழிந்த பிறகே முதல் படம் எடுக்கப்படும், ஏனெனில் அதற்குள் எடுத்தால் வீக்கத்தையும் தழும்பையும் பிரித்தறிவது கடினம். முழுவதும் எடுத்தவருக்கு அந்தப் பக்கம் மேமோகிராம் இல்லை, மருத்துவர் கையால் பரிசோதிப்பார். மற்ற மார்பகத்துக்கு அவருக்கும் அதே ஆண்டுப் படம் உண்டு. ஹார்மோன் நேர்மறை வகையில் பத்தாண்டு, பதினைந்தாண்டு கழித்தும் நோய் திரும்பக்கூடும் என்பதால் இவர்களின் கண்காணிப்பு நீளும். டிரிபிள் நெகட்டிவ் வகையில் பெரும்பாலான ஆபத்து முதல் மூன்று ஆண்டுகளிலேயே வந்துபோய்விடுவதால், அந்த ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறிக்கப்படும் நாளைத் தவறவிடக் கூடாது.